மருமகன் சொன்ன களப்பு

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும், முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்குச் சொல்லியிருப்பேன், சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தடித்த கறுப்புப் பேனையால், ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்லாகப் பெரிதாக எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கே தெரிகிறது. மகள் நஸீரா இதை வாசித்துப் போனில் அடித்துத் தருவாள்.

என் மருமகன் ரமீஸ், நஸீராவின் மாப்பிள்ளை, புத்தளம் களப்பில், கடல்நீர் உள்ளே வந்து ஏரிபோல் நிற்கிற இடத்தில், நண்டும் இறாலும் பிடிக்கிறவர். களப்பை வீடியோ எடுத்துப் போனில் போடுவதும் அவருக்கு ஒரு வேலை. அதைப் பார்க்கிறவர்கள், "யார் அந்த மாமி? அவவுடைய கண் சுகமா?" என்று அடிக்கடி கேட்கிறார்களாம். அந்த மாமி நான்தான். வந்து கமெராவுக்கு முன்னால் இரண்டு சொல் கதையுங்கள் என்று நஸீரா கெஞ்சிப் பார்த்தாள். எனக்குப் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகளோடு கதைக்கவே கூச்சம். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். கண் வருத்தம் வந்து முகம் குப்புறப் படுக்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் உதவும்.

என் இடது கண் சின்ன வயதில் உடைமுள் குத்திப் போய்விட்டது. மன்னாரில் இருந்த காலம் அது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வலது கண் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஊரை விட்டு வந்த வழியையும், இங்கே கரைத்தீவில் ஓலைக் கொட்டில் கல்வீடாக மாறியதையும், பிள்ளை பெற்றதையும், என் புருஷன் மௌத்தாகிப் போனதையும் அந்த ஒரு கண்தான் பார்த்தது. ஒன்று போதாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். கண்ணின் ஓரத்தில் மின்னல் அடித்தது. வானத்தைப் பார்த்தால் மழைக் குணமே இல்லை. அடுத்த நாள் அடுப்புக் கரி பறப்பது போலக் கறுப்புப் புள்ளிகள். கையால் விசிறினேன், போகவில்லை. அதற்கு அடுத்த நாள் கீழேயிருந்து ஒரு கறுப்பு ஏறத் தொடங்கியது. வெள்ளம் ஏறும் நேரம் களப்புத் தண்ணீர் வள்ளத்துறைக் கல்லை ஒவ்வொன்றாக மூடுமே, அப்படி. முதலில் என் கால் மறைந்தது, பிறகு கை மறைந்தது. நோவு ஒன்றும் இல்லை. அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிடிபட்டது வலையினால்தான். மருமகன் முற்றத்தில் வலையைக் காயவைத்திருந்தார். நான் அதைக் காணாமல் நேரே அதற்குள் நடந்து போய்விட்டேன். கை ஒரு கண்ணிக்குள், முந்தானை இன்னொரு கண்ணிக்குள். மருமகன் எட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில் வள்ளத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது எங்கள் வீட்டில் குறைவு. "மருமகனுக்குச் சோறு வைக்கவா எண்டு கேளு" என்று நான் நஸீராவிடம் சொல்வேன், "மாமிக்கு மருந்து இருக்கா எண்டு கேளு" என்று அவர் நஸீராவிடம் சொல்வார். ஆகவே சத்தம் போடாமல் வலைக்குள்ளேயே நின்றேன்.

நஸீரா வந்து பார்த்துவிட்டு, "என்ன உம்மா, மீன் மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

"வலை எங்க முடியுதெண்டு தெரியல்ல மகள்" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "உம்மா, என்னைப் பாருங்க. என்ர மூஞ்சி தெரியுதா?"

"நெத்தி தெரியுது. வாய் தெரியல்ல."

புத்தளம் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டு, தலையில் விளக்குக் கட்டிய டொக்டர் பார்த்தார். கண்ணுக்குப் பின்பக்கத்தில் விழித்திரை என்று ஒரு மெல்லிய தோல் இருக்கிறதாம். பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறதாம். ஈரச் சுவரில் ஒட்டிய தாள் மேலிருந்து உரிந்து தொங்குமே, அதுபோல என் விழித்திரை உரிந்து தொங்குகிறது. மேலே உரிந்தால் கண்ணுக்குக் கீழேதான் இருட்டுத் தெரியுமாம், கண் எல்லாவற்றையும் தலைகீழாக வாங்குவதால். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, அது கழன்றால் பிறகு ஒட்டினாலும் பார்வை பழையபடி வராது, உடனே கொழும்புக்குப் போங்கள் என்றார்கள்.

ஒற்றைக் கண் என்று சொன்னதும் டொக்டரின் குரல் மெதுவானது. அந்த மெதுவுக்குத்தான் நான் பயந்தேன்.

கொழும்புக்குப் போன வான் வண்டிக்கு யார் காசு கொடுத்தது, வெளியே எடுத்த ஸ்கேனுக்கு யார் கொடுத்தது என்று நான் கேட்டபோதெல்லாம் நஸீரா, "உங்களுக்கு இப்ப அந்தக் கணக்கு வேணாம்" என்று கதையை மாற்றினாள். மருமகன் அந்த வாரம் நண்டெல்லாம் பிடித்த உடனேயே விற்றார், வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்று பிறகு அறிந்தேன்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் நீட்டு வாங்குப் பலகையில் இருந்தோம், எழும்பினோம், வேறு வாங்கில் இருந்தோம். கண்மணியை விரிக்க ஒரு மருந்து விடுவார்கள். முதலில் எரியும், பிறகு எல்லா வெளிச்சமும் ஒரேயடியாக உள்ளே வரும். போகிற வருகிற ஆட்களைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. மிஸ்மார், நாங்கள் நர்ஸை மிஸ் என்றுதான் சொல்வோம், அவர்கள் நடப்பது தண்ணீருக்கு மேல் நடப்பது போல் இருந்தது. இமையில் களி பூசி ஒரு சின்னக் கருவியால் அழுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். நோவவில்லை. "அம்மே, கீழே பார், மேலே பார்" என்று அவர்களுக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்கள். காத்திருந்து கட்டில் கிடைப்பதற்குள் கறுப்பு நடுக்கண் வரைக்கும் ஏறிவிட்டது. கடைசியாகத் தெரிந்தது சுவரின் மேல்மூலையில் நின்ற ஒரு பல்லி.

கண்ணைச் சுற்றி ஊசி போட்டு விறைக்கவைத்துத்தான் ஒபரேஷன் செய்தார்கள். நித்திரை ஆக்கவில்லை. முகத்தில் துணி. கண்ணுக்குள் பிறவியிலிருந்தே இருக்கிற களி போன்றதை எடுத்துவிட்டு, தோலை இடத்தில் வைத்து, வாயு ஒன்றை நிரப்புவார்களாம். பயந்துகொண்டு படுத்திருந்தேன். ஆனால் உள்ளே கண்ட காட்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தண்ணீருக்கு அடியில் மல்லாந்து கிடந்து மேலே பார்ப்பது போல் இருந்தது. நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் ஆடியது. அதற்குள் மெல்லிய கம்பி இரண்டு, கொக்கின் கால்கள் போல, எட்டு வைத்து எட்டு வைத்து நடந்தன. கொக்கு எதையோ தேடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். துஆ ஓதத் தொடங்கியவள் எங்கே விட்டேன் என்று தெரியாமல் போய்விட்டது.

பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழ் இருக்கிறது. குமிழ் எப்போதும் மேலே மிதக்கும். நான் முகம் குப்புறக் கிடந்தால் கண்ணின் பின்பக்கம் மேலே வரும், குமிழ் போய் அந்தத் தோலை அழுத்திப் பிடிக்கும், தோல் சுவரில் ஒட்டும். அதனால் சாப்பிட, கழிப்பறைக்குப் போக மட்டும்தான் எழும்பலாம், அப்போதும் தலை குனிந்தபடி. குமிழ் கரையும் வரை விமானத்திலும் மலைநாட்டுக்கும் போகவே கூடாது, உயரத்தில் குமிழ் வீங்கும்.

"விமானம் ஏறப் போறீங்களா எண்டு கேட்கிறார் உம்மா."

"வள்ளத்திலயே நான் ரெண்டு தரம்தான் ஏறியிருக்கிறன் எண்டு சொல்லு."

ஒட்டுமா என்று கேட்டோம். பார்ப்போம் என்றார்.

இப்படித்தான் நான் இருட்டுக்குள் குப்புறக் கிடந்தேன். இடது கண் ஏற்கெனவே இல்லை, வலது கண்ணுக்கு மேல் கட்டு. நெற்றிக்கும் நாடிக்கும் தலையணை, மூக்குக்கு மட்டும் இடைவெளி. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பதால் நஸீரா ஒரு சின்னப் பையில் மண் கொண்டுவந்தாள். அதைத் தொட்டு, தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்கிற தயம்மும் செய்து, படுத்தபடியே சைகையால் தொழுதேன். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து எழும்புவோம். எனக்கு எழும்புவது மட்டும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் என்னைப் போலவே ஒருத்தி குப்புறக் கிடந்தாள். குசுமா என்று பெயர். சிலாபத்துச் சந்தையில் மீன் விற்கிற சிங்களப் பெண்பிள்ளை. மீன் விற்றுப் பழகிய தமிழ் நல்லாகக் கதைப்பாள். அவளுக்கு மற்றக் கண் நல்லது, அதனால் நிலம் தெரியும். வருகிற காலை வைத்து ஆளைச் சொல்வாள்.

"அக்கே, பெரிய டொக்டர் வாறார். கறுப்புச் சப்பாத்து, இண்டைக்கும் துடைக்க இல்ல. பின்னால மிஸ். அவவுக்குக் கால் நோகுது, ஒரு பக்கமா வைக்கிறா."

என் வாழ்க்கையில் முகமே தெரியாமல் சிநேகமானது அவளோடுதான். இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தோம். அது எனக்குச் சுகமாக இருந்தது. முகம் பார்த்துக் கதைத்தால்தானே கூச்சம்.

மருமகன் வீட்டில் கோழிகளைப் பார்த்துக்கொண்டு கடலுக்கும் போனார். வீடியோ போட்டால் நஸீரா என் காதுக்குப் பக்கத்தில் போனை வைப்பாள். கண் இருந்த காலத்தில் எனக்கு அவை விருப்பம். விடியற்காலைத் தண்ணீர் தெரியும், கீழே எழுத்தில் 'நண்டுக் கூடு தூக்கும் நேரம்' என்று வரும், பின்னால் ஒரு புல்லாங்குழல். எப்போதும் அப்படித்தான் செய்வார். அவரும் கூச்சக்காரர், குரல் கொடுக்கமாட்டார். இப்போது கேட்டால் புல்லாங்குழல் மட்டும்தான். அது முடியும், அவ்வளவுதான்.

"அக்கே, இது எங்கட சந்தையில சிடி விக்கிற கடையா?" என்றாள் குசுமா.

"இல்ல. எங்கட களப்பு."

"களப்பு எங்க? குழல் மட்டும்தான் கேட்குது."

 ஒட்டாமல் போனால் இனிமேல் எனக்குக் களப்பு என்பது இந்தக் குழல்தானா என்று நினைத்தேன். தலையணை நனைந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று பயந்து அழுகையை நிறுத்தினேன்.

நஸீரா அதைக் கண்டிருக்கவேண்டும். வெளியே போய் மாப்பிள்ளையோடு போனில் கதைத்தாள். அடுத்த நாள் மருமகன் குரலில் பேசி ஒன்று அனுப்பினார். எல்லாரும் கேட்டோம்.

"மாமி... இந்தா இது களப்பு. அங்க பாருங்க, அது... அப்பிடியே வடிவு. இந்தப் பக்கம் இது வேற மாதிரி வடிவு. சொல்ல ஏலாது மாமி."

"சொல்ல ஏலாதெண்டா ஏன் வாயைத் திறக்கிறார்?" என்றாள் குசுமா. "நானும் சந்தையில 'இந்தா மீன், அப்பிடி ஒரு மீன்' எண்டு நிண்டா ஆர் வாங்குவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குப்புறக் கிடந்து சிரித்தால் கட்டில் ஆடும். அப்போதுதான் நஸீராவிடம் சொன்னேன், "நிக்காஹ்வுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லட்டாம் எண்டு மருமகனிட்டச் சொல்லு."

இதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் நிக்காஹ் ஆண்கள் பக்கத்தில் நடக்கும். பெண்கள் உள்ளே இருப்போம். மௌலவியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும், ஆனால் அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. அதனால் ஒருத்தி யன்னல் சீலை ஓரத்தில் இருந்து பார்த்துப் பார்த்து உள்ளே சொல்வாள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அந்த ஒருத்தி நான். நகை நட்டோடு கூட்டத்தின் நடுவில் இருக்க எனக்கு வெட்கம், யன்னலடி எனக்கு வசதி. "ஒத்தைக் கண்தானே, ஓட்டையில வைக்க அளவா இருக்கும்" என்று என் மச்சிமார் பகிடி பண்ணுவார்கள். அதில் ஒரு பழக்கம் இருக்கிறது. மௌலவி ஓதுவது எல்லாருக்கும் கேட்கும், அதை நான் சொல்லமாட்டேன். கேட்காததைத்தான் சொல்லவேண்டும். முதலில் யார், பிறகு எங்கே, பிறகு என்ன செய்கிறார். 'வடிவு' என்று சொன்னால் உள்ளே இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், என்ன நிறம், எந்த மாதிரி என்று. 'அங்கே', 'இங்கே' என்றால் முதுகில் கிள்ளு விழும்.

நஸீரா எங்களுக்கும் கேட்கும்படி போனைப் போட்டு இதை மருமகனுக்குச் சொன்னாள். ஆண்களுக்கு இது தெரியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அப்பிடி ஒண்டு நடக்குதா? அப்ப எங்கட கல்யாணத்தில?"

"உம்மாதான் சொன்னவ" என்றாள் நஸீரா.

"என்னைப்பத்தி என்ன சொன்னவ எண்டு கேளு."

நான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன், "வாப்பா கையை நீட்டிட்டார், மாப்பிள்ளை இன்னும் நீட்டல்ல. மாப்பிள்ளை கழட்டிவைச்ச சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆரும் மாத்திப் போட்டிடுவாங்கள் எண்டு பயம் போல. இப்ப நீட்டிட்டார். கண் இன்னும் சப்பாத்திலதான்."

குசுமா சிரித்த சிரிப்பில் மிஸ் ஓடிவந்தார். போனுக்குள் மருமகனும் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

அதற்கு அடுத்த விடியலில் ஒன்று வந்தது. இரவு மருந்து விட்ட எரிச்சல் இன்னும் போகவில்லை. நஸீரா போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"மாமி, எஞ்சினை நிப்பாட்டிட்டன். இப்ப கேட்கிறது வள்ளத்தில தண்ணி தட்டுற சத்தம். சூரியன் இன்னும் வரல்ல. வலது பக்கம் கண்டல் மரம், கறுப்பாத்தான் தெரியுது, இலை பிரிச்சுத் தெரியல்ல. அதுக்கு மேல வானம் வாழைப்பூட உள்மடல் நிறம். இடது பக்கம் தண்ணிக்குள்ள கம்புகள் நட்டிருக்கு, ஒவ்வொரு கம்பிலயும் ஒரு நீர்க்காகம். ஒண்டு செட்டையை விரிச்சுக் காயவைக்குது, அசையல்ல. பக்கத்துக் கம்பில இருக்கிறது அதைப் பார்த்திட்டுத் தானும் விரிக்குது. தூரத்தில காத்தாலை. ஒண்டு மட்டும் சுத்துது, மத்ததெல்லாம் நிக்குது. தண்ணி அரிசி கழுவின தண்ணி நிறம். இப்ப கேட்டது மடவை மீன் துள்ளினது, நான் காணல்ல, வட்டம் மட்டும் விரிஞ்சு வருது. வருது. வள்ளத்தில பட்டிட்டுது."

பிறகு ஒன்றும் இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். எனக்கு எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோனது. கட்டிலுக்குக் கீழே களப்பு கிடந்தது. நான் மேலே மிதந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நீர்க்காகங்களும் செட்டை விரித்தபடி என்னோடு நின்றன. 

கடைசியில் பக்கத்துக் கட்டிலிலிருந்து குசுமா சொன்னாள், "அக்கே, அந்த வட்டம் எங்கட வள்ளத்திலயும் பட்டுது."

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பிழையினால். மருமகன் அந்தக் குரலைப் படத்தோடு சேர்த்து எனக்கு மட்டும் அனுப்பினார். எல்லாரும் பார்க்கிற அவருடைய போன் பக்கத்தில் போடுவதற்குக் குழலோடு வேறொன்று செய்திருந்தார். இரவு முழுக்க நண்டுக் கூடு கட்டிய களைப்பில் மாறிப் போட்டுவிட்டார். 'மாமி, மாமி' என்று எல்லாரும் கேட்கும்படி போய்விட்டது. வெட்கத்தில் அழிக்கப் போனாராம், பார்த்தால் அதற்குள் ஆட்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நஸீரா வாசித்துக் காட்டினாள். லொறி ஓட்டுகிற ஒருவர், 'வண்டி ஓட்டும்போது பார்க்க ஏலாது, இதைக் கேட்டுக்கொண்டு போகிறேன்' என்று. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன ஒரு பிள்ளை, 'உடுப்பை அயன் பண்ணி மினுக்கிக்கொண்டே கேட்டேன், ஊர் வந்தது' என்று. யாழ்ப்பாணத்தில் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார். "நீர்க்காகம் செட்டையைக் காயவைக்கும் என்று இவ்வளவு நாளும் எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. இன்னும் என்னவெல்லாம் சொல்லாமல் விட்டார்கள் என்று யோசிக்கிறேன்."

அதை இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டேன். ஒட்டாவிட்டாலும் நான் மட்டும் இல்லை என்று தோன்றியது.

மருமகன் தொடர்ந்து சொன்னார். குழலை விட்டார். சொல்கிறோம்தானே, இனி எதற்கு என்று எழுத்தையும் விட்டார். நான் வீட்டுக்கு வந்து கதிரையில் குனிந்து, மேசையில் நெற்றி வைத்திருந்த நாட்களில் ஒன்று வந்தது. முந்தல் என்ற ஊரில் இறால் பண்ணையில் வேலை செய்கிற ஒருவர் எழுதியது. நஸீரா வாசித்தாள்.

'எனக்குக் காது கேட்காது. நீங்கள் எழுத்துப் போடுவதால்தான் உங்கள் பக்கத்துக்கு வந்தேன். இப்போது எல்லாரும் மாமி மாமி என்று சிரிக்கிறார்கள், எனக்கு என்னவென்று தெரியவில்லை. உங்கள் வாயாவது தெரிந்தால் அசைவைப் பார்ப்பேன், அதுவும் தெரியவில்லை. பரவாயில்லை, நன்றாகச் செய்யுங்கள்.'

 மருமகன் கையில் இருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்த சத்தம் கேட்டது.

"ஒராளுக்குக் கதவைத் திறந்திட்டு இன்னொராளிட கதவைச் சாத்திட்டன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் பேசுவதை நஸீரா சொல்லுக்குச் சொல் கீழே எழுத்தாகப் போடுகிறாள். மடவை துள்ளிய சத்தம், எஞ்சின் நிற்கும் சத்தம் எல்லாவற்றையும் எழுத்தில் போடவேண்டும் என்று முந்தல்காரர் சொல்லிக் கொடுத்தார். 'கேட்கிற உங்களுக்கு அது சும்மா சத்தம், எனக்கு அது செய்தி' என்று எழுதினார். சிங்களத்திலும் ஒரு வரி போடச் சொன்னது குசுமா. அவளுடைய மகள்தான் மாற்றித் தருகிறாள். சிலாபத்துச் சந்தை இரைச்சலில் குரல் ஒன்றும் கேட்காதாம், எழுத்தைப் பார்த்துத்தான் மீன்காரர்கள் களப்பை ரசிக்கிறார்களாம். எழுத்து காது கேட்காதவருக்கு மட்டும் என்று நினைத்தோம், பார்த்தால் காது நல்ல ஆட்களுக்கும் வேண்டியிருக்கிறது. குரலும் அப்படித்தான். இப்போது வள்ளத்தில் களப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆட்கள் மருமகனுக்குப் போன் எடுக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் முந்தல்காரரும் அவருடைய மனைவியும். இறங்கும்போது அவர் போனில் எழுதிக் காட்டினாராம், 'உங்கள் எஞ்சின் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு செய்யாத ஒரே ஆள் நான்தான்.'

என் கண்ணைச் சொல்லவேண்டும். கட்டு அவிழ்த்தபோது குமிழ்தான் தெரிந்தது. தண்ணீருக்குள் கண் விழித்தது மாதிரி ஒரு சாம்பல். நாள் போகப் போக மேலே ஒரு கோடு வந்தது, கோட்டுக்கு மேலே வெளிச்சம், கீழே ஆடும் தண்ணீர். நடந்தால் அது குலுங்கும். ஒவ்வொரு காலையும் அந்தக் கோடு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். முதலில் ஏறியது கறுப்பு வெள்ளம், இப்போது வற்றுவது வெள்ளை வெள்ளம் என்று நஸீராவிடம் சொன்னேன். கடைசியில் குமிழ் ஒரு கடுகளவாகி, ஒரு நாள் விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது இல்லை.

கிளினிக்கில் எழுத்துப் பலகையைப் பிடித்தார்கள். மேல் எழுத்துத் தெரிந்தது, கீழே உள்ளவை எறும்பாக ஓடின. நேரான கதவு நிலை எனக்கு நடுவில் வளைந்து தெரிந்தது. ஒட்டிவிட்டது, ஆனால் நடுப்பகுதி காத்திருந்த நாட்களில் கழன்று சுருங்கியதால் இவ்வளவுதான் வரும், இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டொக்டர் நேரே சொன்னார். நேரே சொன்னது நல்லது. அல்ஹம்துலில்லாஹ், ஆள் தெரிகிறது. யார் என்று முகத்தில் தெரியாது. பெரிய எழுத்துத் தெரிகிறது. நிறம் வெயிலில் கிடந்த சீலையைப் போல் வெளிறித் தெரிகிறது.

போன கிழமை மருமகன் என்னையும் நஸீராவையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை தள்ளிப்போனதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண் வந்துவிட்டதே, இனிச் சொன்னால் மாமிக்குக் குறையாக இருக்குமோ என்று யோசித்திருப்பார். போனைப் பிடித்துப் படம் மட்டும் எடுத்தார். எனக்கு எங்கும் ஒரே வெளிறல். தண்ணீரா வானமா என்று பிரியவில்லை. நஸீராவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன், அவள் வள்ளத்தின் மற்ற முனையில் இருந்தாள், காற்றில் கேட்காது.

"சொல்லுங்க மருமகன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் தோள் அசைந்ததை. பிறகு கமெராவைப் பிடித்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். கண்டல், கம்பு, வெயில், தண்ணீரின் நிறம். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அந்த வெளிறலுக்குள்ளிருந்து வந்து தன் இடத்தில் நின்றது.

அப்போதுதான் மணல்திட்டுக்கு இடது பக்கத்தில், தண்ணீர் ஓரமாக, ஒரு இளஞ்சிவப்புக் கீறல் கண்டேன். அதை அவர் சொல்லவில்லை. பூநாரைக் கூட்டம் என்று எனக்குத் தோன்றியது. அசைந்தது.

"அங்க சிவப்பா நிக்கிறது என்ன மருமகன்?"

"அங்க ஒண்டும் இல்லையே மாமி. வெயில் மணல்ல பட்டு அப்பிடித் தெரியுது போல."

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் ஓரத்தில் கொஞ்சம்தான் விழுந்திருக்கிறது. மருமகன் வெயில் என்கிறார், நஸீரா என்னவோ நிற்கிறது என்கிறாள். அவள் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறாளோ தெரியாது, எனக்கு அந்தப் படம் ஒரு நிறக் கலங்கல்.

இதில் நான் எழுதிய மருந்து விபரம், ஆஸ்பத்திரி விபரம் பிழையாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். அதைவிட ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை மருமகன் தன்னுடைய போன் பக்கத்தில் போட்டிருக்கிறார், முடியப் போகிற நேரம், மணல்திட்டின் இடது ஓரம். கண் நல்ல ஆட்கள் யாராவது நன்றாகப் பார்த்து, அது வெயிலா பறவையா என்று எனக்காகச் சொல்லவேண்டும். பறவை என்றால், ஒருவரும் சொல்லாமல் நானே கண்டிருக்கிறேன். எழுதினால் நஸீரா வாசித்துக் காட்டுவாள், குரலில் சொன்னால் நானே கேட்பேன். வெயில் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.